வலைக்குள் நின்றவள்

சாம்பல்தீவில் இன்பமலரின் காணியில் வலைக்கூடாரம் ஒன்று போட்டிருந்தார்கள். உள்ளே கத்தரிச் செடிகள். வாடல் நோயைத் தாங்கும் காட்டுக் கத்தரியை ஊர்க் கத்தரியோடு கலந்து புது இனம் எடுக்கும் வேலை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்திருந்தது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பு கீர்த்தனி. கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வந்து செடிகளைப் பார்த்துக்கொண்டவள் றிஷானா.

வலைக்குள் தேனீ வராது. அதனால் பற்றரியில் ஓடும் பல் பிரஷைப் பூக்காம்பில் வைத்து றிஷானாதான் அதிரவைப்பாள். மகரந்தம் உதிர்ந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும்.

றிஷானா கந்தளாயில் ஒரு கிழமைப் பயிற்சி முடித்து வந்து பார்த்தால், அவள் தொடாத பூக்களெல்லாம் பிஞ்சாகியிருந்தன.

"நீங்கள் ஏதும் செய்தனீங்களோ, அக்கா?"

இன்பமலர் முழித்தாள். "ஒவ்வொரு பின்னேரமும் நீங்கள்தானே பிள்ளை உள்ளுக்க நிண்டனீங்கள்? முக்காட்டோட குனிஞ்சு குனிஞ்சு... கூப்பிட்டும் திரும்பேல்லை."

"நான் கந்தளாயில எல்லோ நிண்டனான். கூடாரப் பூட்டின்ர திறப்பும் என்னட்டத்தான் இருந்தது."

"அப்ப அது ஆர்?"

றிஷானா தனியே உள்ளே போனாள். காற்றில்லாத மத்தியானம். கடைசி வரிசையில் தேனீ இரைவதுபோல் ஒரு சத்தம். ஒரு பூ நடுங்கி ஓய்ந்தது. அடுத்தது நடுங்கியது. ஒன்றையும் விடாமல், வரிசை வரிசையாக, அது அவளை நோக்கி வந்தது. அவளுக்கு முன்னாலிருந்த செடியில் சத்தம் நின்றது. தான் விலகுவதற்காக யாரோ காத்து நிற்பதுபோல் அவளுக்குப் பட்டது. விலகினாள். முதுகுக்குப் பின்னால் இரைச்சல் தொடர்ந்தது.

கீர்த்தனி முதலில் நம்பவில்லை. அந்தக் காய்கள் பழுத்ததும் விதைகளை முளைக்கவைத்து இலையை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினாள். தாய்ச் செடி எதுவென்று தெரிந்தது. தந்தை, அவர்களிடமிருந்த எந்தக் கத்தரியும் இல்லை.

"வலையில ஓட்டை இல்லை. நான் பார்த்தனான்," என்றாள் றிஷானா.

"ஆனா ஒரு நோயும் இல்லாத செடி, றிஷானா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரர் விதை கேக்கிறாங்கள்."

"எதோட கலந்ததெண்டு தெரியாம ஆரின்ர தோட்டத்துக்குக் குடுப்பீங்கள்?"

கீர்த்தனி விதைப் பையைக் கட்டிவைத்தாள். பிறகு தானே மண்வெட்டியை எடுத்தாள். காய், விதை, நாற்று எல்லாவற்றையும் குழிவெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

கடைசிச் செடியையும் பிடுங்கியபோது வெறும் பாத்தியில் மணல் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் வேர் இருந்த ஒவ்வொரு குழியிலும் சற்று நின்று, அடுத்ததற்குப் போனது. வேலை செய்ய வந்த ஒருத்தியை விரட்டிவிட்டதுபோல் இருந்தது றிஷானாவுக்கு. கீர்த்தனி அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

அடுத்த போகத்துக்குச் சோதனையைக் கிண்ணியாவுக்கு மாற்றினார்கள். கூடாரத்தைக் கழற்ற ஆட்கள் வந்தபோது இன்பமலர் வாசலை மறித்து நின்றாள்.

"வலையை அவிழ்க்காதேங்கோ. ஊர்த் தோட்டங்களுக்குப் போகாம அது உள்ளுக்கயே நிக்கட்டும்."