வாளியில் விழுந்த குடைக்காரர்

வேலிப் படலை இடித்துத் தள்ளாத குறையாக ஒரு ஜீப் வந்து நின்றது. அதன் ஹாரன் அலறலில் கோழிகள் நாலு திசையிலும் சிதறின. அந்தத் தீவுக் கிராமமான கராச்சர்மாவுக்குள் ஜீப் வருகிறதென்றால் ஒன்று அம்மை ஊசி, இல்லாவிட்டால் வம்பு. ஊசிக்காரர்கள் போன வாரம்தான் வந்து போயிருந்தார்கள்.

பங்கஜத்தின் கையில் அப்போது ஒரு மூக்கு இருந்தது. பஸ் கண்டக்டர் சிவஞானத்தின் மூக்கு. கடலைப்பருப்பு அளவுக்கு உருட்டி, நுனியை லேசாக வளைத்து, பொம்மையின் முகத்தில் ஒட்டப்போகிற நேரம். அப்படியே அதை முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள்.

ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியது ஒரு தொப்பை. தொப்பையைத் தொடர்ந்து காட்டிலாகா ரேஞ்சர் பக்தவத்சலம் இறங்கினார். அவருக்குப் பின்னால் அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கும் அப்துல் கனி. கடைசியாக, மர மில்லில் இருக்கவேண்டிய அவள் புருஷன் குருநாதன், காய்ச்சலில் எழுந்தவன் போல வந்து நின்றான்.

ரேஞ்சர் சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் உயரத்தில் ஒரு பொம்மையை எடுத்தார். கூடை சுமக்கும் மீன்காரி. செக்கச்செவேலென்று பளபளத்தாள். அவள் கழுத்தில் நூலில் ஒரு சீட்டுத் தொங்கியது.

"'அசல் படாக் மரத்தில் செதுக்கியது.' இதை எழுதினது யாரும்மா?"

"தங்கச்சி, நான் எழுதலைன்னு சாப் கிட்ட சொல்லிடும்மா!" என்று அப்துல் கனி முந்திக்கொண்டார். "நீ குடுத்தே, நான் வித்தேன். பஸ், அவ்வளவுதான்."

"நான்தான் எழுதினேன்" என்றாள் பங்கஜம்.

"அச்சா. புருஷன் மில்லுல மரம் அறுக்கிறான், பொண்டாட்டி வீட்டுல, அதுவும் சர்க்கார் மரமான படாக்குல, பொம்மை செய்யிறா. மரம் எங்கிருந்து வந்ததுன்னு நான் கேக்கணுமா? பெரிய ஆபீசருக்குப் புகார் போயிருக்கு. அவரு ஃபேனுக்கு அடியில உக்காந்துகிட்டு, போய்ப் பாத்துட்டு வான்னு என்னை இந்த வெயில்ல துரத்திட்டாரு. சாயங்காலம் ரிப்போர்ட் போனா, நாளைக்கு இவனுக்கு வேலை இல்லை."

குருநாதன் மனைவியைப் பார்த்தான். 'சொல்லேன்' என்று கெஞ்சியது அந்தப் பார்வை.

சொல்வதற்கு உண்மை இருந்தது. சொன்னால் சீட்டில் எழுதியது பொய்யென்று ஆகிவிடும். மரத்தூள் அடுப்புக்காக மில் ஆட்கள் எல்லோரும் சாக்குச் சாக்காகத் தூள் கொண்டுவருவார்கள். மில்லே கொடுப்பதுதான். அதில் படாக் மரத்தின் சிவப்புத் தூளை மட்டும் பங்கஜம் சலித்து எடுப்பாள். புளியங்கொட்டைப் பசையில் பிசைந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் பொம்மையாக உருட்டி, நிழலில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் பூசுவாள். 'தூள் பொம்மை' என்று சொல்லிக் கடைக்குக் கொடுத்தபோது ஒரு மாதம் முழுக்கக் கப்பலில் வந்த வெளியூர்க்காரர்கள் எவரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சீட்டு கட்டினாள். அடுத்த கப்பலுக்கே அலமாரி காலி.

"அது மரமே இல்லீங்க சார். அடுப்புக்கு வர்ற தூளு."

"என்னைப் பாத்தா எப்படித் தெரியுது உனக்கு? இதோ ரேகை ஓடுதே!"

"சீப்புப் பல்லால கீறினதுங்க."

அப்துல் கனி மீன்காரியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "அடி பாவி! மெயின்லேண்ட்ல இருந்து வந்தவங்க கிட்டயெல்லாம், நூறு வருஷத்து மரம்னு சொல்லி வித்தேனே!"

"தண்ணியில போட்டா கரைஞ்சிடும் சார். நீங்களே பாருங்க" என்றாள் பங்கஜம்.

உலர்ந்த பொம்மைகள் உள்ளே ஒரு பலகையில் வரிசையாக நின்றன. பலகையோடு தூக்கி வந்து, வாசலில் இருந்த தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளிச்சத்தில் வைத்த பிறகுதான் அது அவள் கண்ணில் பட்டது. கடைசியில் நின்ற ஆசாமிக்குக் கழுத்து இல்லை. தொப்பை உண்டு. ஒரு கையில் குடை, மறு கையால் நழுவும் கால்சட்டையைப் பிடித்திருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை பஜாரில் ரேஞ்சரைப் பார்த்துவிட்டு வந்து, சிரித்துச் சிரித்துச் செய்தது.

குருநாதன் பொம்மையைப் பார்த்தான், ரேஞ்சரைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். அப்துல் கனிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

"இந்தப் போர்ட்டர் பொம்மையைப் போடலாம் சார்" என்று பங்கஜம் அவசரமாகக் கை நீட்டினாள்.

"நீ எடுத்துக் குடுக்காதே. நான் எடுக்கிறேன்." ரேஞ்சரின் விரல் வரிசை மேல் மெதுவாக நகர்ந்தது. குடைக்காரனிடம் வந்ததும் நின்றது. தூக்கினார். மூக்கருகே வைத்து உற்றுப் பார்த்தார். பெல்ட்டை ஒருமுறை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு பொம்மையை வாளிக்குள் போட்டார்.

குடைக்காரன் முங்கினான், எழுந்தான், மல்லாந்து மிதந்தான். கொஞ்சம்கூடக் கரையவில்லை.

"மிதக்குது! மரம்தான்!"

குருநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பங்கஜத்துக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. அப்புறம்தான் எண்ணெய் நினைவுக்கு வந்தது. பூசியது போதாதென்று இவனுக்கு மட்டும் இரண்டு முறை பூசியிருந்தாள், தொப்பை மினுங்கட்டுமே என்று. உள்ளே ஓடினாள். அடுப்பில் உலைநீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பானையோடு தூக்கி வந்து வாளியில் கவிழ்த்தாள்.

ஆவி விலகியது. முதலில் குடை கழன்றது. பிறகு காதுகள். முகம் குழைந்து வழிந்தது. தொப்பைதான் கடைசிவரை தாக்குப்பிடித்தது. ரேஞ்சர் குனிந்து, பக்கத்தில் கிடந்த விறகுக் குச்சியால் அதை ஒரு குத்துக் குத்தினார். அதுவும் பொலபொலவென்று உதிர, தண்ணீர் முழுக்கச் சிவப்புத் தூள் பரவியது.

அவர் நிமிரவில்லை. குச்சியால் இன்னொரு சுற்றுக் கலக்கினார். தோள்கள் குலுங்கின. 'தெரிந்துவிட்டது. கோபத்தில் நடுங்குகிறார்' என்று பங்கஜம் முடிவே கட்டிவிட்டாள். அப்துல் கனி ஓசைப்படாமல் ஜீப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"தூள்தான்" என்றார் ரேஞ்சர் கடைசியில். "கேஸ் இல்லை. குருநாதா, எழுந்திரு, மில்லுக்குப் போ. சீட்டை மாத்தி எழும்மா, பொய் வேண்டாம்."

"மாத்திடறேன் சார். சார்... அந்தப் பொம்மையை நான் வேணும்னு..."

ரேஞ்சர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். அப்போதுதான் அவள் கவனித்தாள், அவர் கண்ணில் நீர் வரச் சிரித்திருந்தார்.

"எங்க பெரிய ஆபீசரை எப்படிம்மா அப்படியே உரிச்சு வச்சே? இன்னும் ரெண்டு செஞ்சு குடு, வீட்டுல வச்சு நிதானமா முக்கணும்."