குளியல் வண்டிக்குள் தட்டியவன்

இப்போதெல்லாம் ஒருவன் விழுந்தால் தூக்கிவிட ஆள் வருவதில்லை. சிரிக்க மட்டும் ஊரே கூடிவிடுகிறது. பிரைட்டன் கடற்கரையில் அன்று நின்ற கூட்டமும் அப்படித்தான் என்று ஆமோஸ் டப்பன் முணுமுணுத்தார். ஊமைப்படக்காரர்கள் அவருடைய குளியல் வண்டியையும் குதிரையையும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். சக்கரம் வைத்த மர அறை அது. குளிக்க வருபவர்கள் உள்ளே உடை மாற்றுவதற்குள் கடலில் கொண்டுபோய் நிறுத்துவார். உள்ளிருந்து மூன்று தட்டு கேட்டால் கரைக்கு இழுத்துவருவார்.

"அந்த வழக்கமெல்லாம் இன்னைக்கு வேணாம் பெரியவரே," என்றார் டைரக்டர் லோமாக்ஸ். "உள்ள நம்ம வில்ஃப் தட்டுவான், கத்துவான். நான் கையசைக்கிற வரைக்கும் குதிரை நகரக்கூடாது."

"நெசமாவே மாட்டிக்கிட்டுத் தட்டினா?"

"அவன் நடிகன்யா! செத்தாக்கூட ரெண்டு தடவ செத்துக் காட்டுவான்."

வில்ஃப் வைக்கோல் திணித்த குண்டுப் பெண்மணி வேஷத்தில் ஏறிக்கொண்டான். இடுப்பளவு தண்ணீரில் ஆமோஸ் குதிரையைப் பிடித்து நின்றார். பெரிய அலை ஒன்று வண்டியைச் சாய்த்தது. உள்ளே தடதடவென்று சத்தம், கூச்சல். கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். திடீரென்று கூச்சல் நின்றது. பிறகு மூன்று தட்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

ஆமோஸ் குதிரையை விரட்டினார்.

"யோவ், நில்லுய்யா!" கரையில் நின்று லோமாக்ஸ் குதித்தார்.

கரையில் கதவை உதைத்துத் திறந்ததும் வில்ஃப் உருண்டு வந்து விழுந்தான். ஊறிய வைக்கோல் கழுத்துவரை ஏறியிருந்தது. உதடு நீலம். உப்புத்தண்ணீராய்க் கக்கினான். கூட்டம் கைதட்டியது.

"பிரமாதம்! இன்னொரு தடவ எடுத்துடலாம்," என்றார் லோமாக்ஸ்.

"உசுரு போயிருக்குமேடா," என்றார் ஆமோஸ்.

"நடிப்புதான் தாத்தா." குளிரில் பல் தந்தியடித்தது வில்ஃபுக்கு. கண் டைரக்டர் மேலேயே இருந்தது.

"மூடின கதவுக்குள்ள யாருக்குடா நடிச்ச?"

வில்ஃப் குரலைத் தாழ்த்தினான். "கெடுத்துடாதீங்க தாத்தா. நான் மாட்டேன்னா நாளைக்கே வேற ஒருத்தன் வந்துருவான்."

ஆமோஸ் குனிந்து குதிரையை வண்டியிலிருந்து அவிழ்த்தார்.

"குதிரையில்லாம வண்டிய யாருய்யா இழுக்குறது?" என்று கத்தினார் லோமாக்ஸ்.

"நீயே பூட்டிக்கிட்டு இழு."

"சத்தியமா நடிப்புதான் தாத்தா!" வில்ஃப் இருமிக்கொண்டே சொன்னான். எழுந்து ஒரு குட்டிக்கரணம்கூடப் போட்டுக் காட்டினான்.

"ஆமாமா, பாத்தேன்," என்றார் ஆமோஸ். குதிரையைப் பிடித்துக்கொண்டு கூழாங்கல் மேட்டில் ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.