வரிசையில் காத்திருந்த பாட்டில்கள்

நாளை காலை சித்தப்பாவின் ஆலைக்கு மைக்ரோவேவ் வருகிறது. மிச்சச் சாப்பாட்டைச் சூடாக்கும் பெட்டி இல்லை, லாரியில் ஏற்றி வருகிற அளவுக்குப் பெரியது. வைக்கோலிலிருந்து எரிபொருள் எடுக்கிற ஆலை அது. அம்மாவின் பேச்சை நம்பித்தான் சித்தப்பா அந்த மெஷினை வாங்கினார். அந்தப் பேச்சு தப்பு என்று இன்று சாயங்காலம் தெரிந்துவிட்டது.

அம்மாவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. வைக்கோல் தனக்குள் இருக்கிற சர்க்கரையை லேசில் விடாது. காஸ்டிக் சோடா கரைசலில் நனைத்து, மைக்ரோவேவில் சூடாக்கினால் கொஞ்சம் இளகும். மைக்ரோவேவின் சக்தியைக் கூட்டக் கூட சர்க்கரையும் கூடுகிறது என்று அம்மா கண்டுபிடித்தாள். கட்டுரையும் வந்தது. "அண்ணி சொன்னா அப்பீலே கிடையாது" என்று சித்தப்பா சிரித்தார்.

போன வாரம் ஒரு கூட்டத்தில் பேசுவதற்காக, இந்த ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று மற்றவர்களின் கட்டுரைகளை அம்மா புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாரும் சக்தியைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒருவர் மட்டும், வைக்கோல் போட்ட எல்லா பாட்டில்களையும் கரைசலில் ஒரே அளவு நேரம் ஊறவைத்ததாக எழுதியிருந்தார். அதைப் படித்ததும் அம்மாவுக்குத் தன் பாட்டில்கள் ஞாபகத்துக்கு வந்தன.

ஆராய்ச்சிக்கூடத்தில் இருப்பது ஒரே மைக்ரோவேவ். அம்மா காலையிலேயே எல்லா பாட்டில்களிலும் கரைசலை ஊற்றிவிடுவாள். குறைந்த சக்தியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக உள்ளே வைப்பாள். அதிக சக்திக்கான பாட்டிலின் முறை கடைசியில்தான் வரும். அதுவரை அது ஊறிக்கொண்டே இருக்கும். அப்படியானால் சர்க்கரை கூடியது சக்தியாலா, ஊறிய நேரத்தாலா?

அதனால் இந்தத் தடவை சில பாட்டில்களை மைக்ரோவேவில் வைக்காமல், அதே அளவு நேரம் வெறுமனே ஊறவிட்டாள். இன்று அளந்து பார்த்தால், அவற்றிலும் கிட்டத்தட்ட அதே சர்க்கரை.

மெஷின் வந்து இறங்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அப்பா. சொன்னால் சித்தப்பா நம் வீட்டுப் பக்கமே வரமாட்டாரோ என்று பயந்தேன். சொல்லாவிட்டால் அம்மாவை எப்படிப் பார்ப்பது என்று அதைவிடப் பயந்தேன்.

அம்மா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அந்த மெஷினை நிறுத்த முடியுமா?"

வீட்டு மைக்ரோவேவ் ரிப்பேரா, இதில் ஓரமாக ஒரு துண்டு வெட்டித் தரட்டுமா என்று அவர் கிண்டலடித்தார். அம்மா சிரிக்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அப்ப வெறுமனே ஊறினாலே போதுமா?"

"போதும்போலத்தான் இருக்கு. தப்பு என்னோடது, தம்பி."

"மெஷின நிறுத்திடலாம் அண்ணி. ஆனா ஊறப்போடத் தொட்டி வேணுமே. இந்த மெஷினுக்கு இடம் பத்தலன்னு நேத்துதான் ரெண்டு தொட்டியையும் அறுத்து, பழைய இரும்புக்குப் போட்டேன்."

அண்ணனிடம் கொடுங்கள் என்றார் சித்தப்பா. அப்பா ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக அம்மா மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதோடி?"

"சொன்னதுதாம்மா சரி" என்றேன். கண்ணாடிக்கு அப்பால் அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருமுறைகூட அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை.