எண்பத்தேழாம் படத்துக்கு நான் போட்ட மார்க்

ஒருவனைப் பழிவாங்க அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு விவரம் போதாது. நான் என் தங்கை புருஷனை ஜெயிக்க வைத்தேன். முதல் பரிசு, மேடை, கைதட்டல் எல்லாம் என் உபயம்.

அவனுக்கு நான் வைத்த பெயர் காலண்டர். மூன்று வருஷத்துக்கு முன் அவன் அலுவலகத்தில் ஒரு காலண்டர் போட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம். அச்சுக்கு முன்னால் மாதிரி பிரிண்ட் எடுக்க, தைரியத்தைப் பாருங்கள், என் ஸ்டுடியோவுக்கே வந்தான். பன்னிரண்டும் என் தங்கை எடுத்த படங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் அவன் பெயர்.

"மாப்பிள்ளை, இதெல்லாம் அவ எடுத்ததாச்சே?" என்றேன்.

"கேமரா நான் வாங்கிக் கொடுத்தது, அண்ணி. அப்ப படமும் நம்மளுதுதானே?" என்று சிரித்தான்.

கரண்டி வாங்கிக் கொடுத்தவன்தான் சமைத்தவனா? கடையில் நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன். இதைவிடச் சூடாகவும் நிறையக் கேட்டேன். தங்கைக்குப் போன் போட்டால் அவள், "வீட்டுக்குள்ள யார் பேர் போட்டா என்னக்கா, விடு" என்றாள். எனக்கு விட வரவில்லை. அன்றிலிருந்து அவர்கள் வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை. தங்கை மட்டும் மாதம் ஒருமுறை ஸ்டுடியோவுக்கு வருவாள். அவனைப் பற்றி அவளும் பேச மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம், அவன் ஒருநாள் மாட்டினால் போதும் என்று இருந்தேன்.

இந்த வருஷம் புகைப்படக் கழகத்தின் அமெச்சூர் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். மூன்று பேர். ரிடையரான பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர், ஒரு டிராயிங் டீச்சர், அப்புறம் இருபத்திரண்டு வருஷமாகப் பாஸ்போர்ட் படம் எடுத்துப் பிழைக்கும் நான்.

கழகம் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீள மேசைகளில் இருநூற்றுப் பதினான்கு படங்களைப் பரப்பி வைத்திருந்தார் செயலாளர். படத்தின் பின்னால் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. ஆளுக்கு இருபது சட்டைப் பொத்தான் தருவார்கள். நாங்கள் மேசையைச் சுற்றி நடந்து, பிடித்த படத்தின் மேல் பொத்தானை வைக்க வேண்டும். மூன்று பொத்தானும் விழுந்த படங்கள்தான் கடைசிச் சுற்றுக்குப் போகும்.

சூரிய அஸ்தமனம் மட்டும் நாற்பத்தொன்று இருந்தது. சுருக்கம் விழுந்த கிழவர் முகங்கள் பத்தொன்பது. "தாத்தாவுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டாங்களோ இல்லையோ, கிட்டப் போய் மூக்குல லென்ஸ இடிச்சிருக்காங்க" என்றார் பத்திரிகைக்காரர். டீச்சர் சிரித்துக்கொண்டே பூனைகளைத் தாண்டிப் போனார்.

மூன்றாவது மேசையில் நான் நின்றுவிட்டேன்.

ஒரு குறுகலான மாடிப்படி. இரண்டு பேர் ஒரு ஃபிரிட்ஜை மேலே தூக்கிக்கொண்டு போகிறார்கள், பாதியில் மூச்சு வாங்க நின்றிருக்கிறார்கள். கீழே இருப்பவன் கண்ணை மூடி நெற்றியை ஃபிரிட்ஜின் கதவில் சாய்த்திருக்கிறான். மேலே இருப்பவன் தெரியவே இல்லை. கதவின் மேல் விளிம்பைப் பற்றிய எட்டு விரல்கள் மட்டும் தெரிகின்றன. பக்கத்தில் பச்சைச் சுவர், அதில் இடுப்புயரத்தில் பெயிண்ட் உரிந்த ஒரு நீளக் கோடு. நான் எத்தனை தடவை கை வைத்து ஏறிய சுவர் அது! என் தங்கை வீட்டு மாடிப்படி.

படத்தின் அடி விளிம்பில், மூன்றாவது படியில், உருண்டையாக ஒரு கருப்பு இருந்தது. மற்றவர்களுக்கு அது ஏதோ கறை. ஆயிரக்கணக்கான தலைகளை வெட்டி ஒட்டிய எனக்கு அது உச்சிக் கொண்டை. படம் எடுத்தவளுக்குப் பின்னால் ஜன்னல் இருந்திருக்கிறது, அவள் நிழல் படியில் விழுந்திருக்கிறது. அடியை வெட்டியும் கொண்டை மட்டும் மிச்சமாகி நிற்கிறது. வீட்டில் இருக்கும்போது என் தங்கை முடியைத் தூக்கி உச்சியில் முடிந்துதான் வைத்திருப்பாள்.

பொத்தானை வைத்தேன். மற்ற இருவரும் ஏற்கெனவே வைத்திருந்தார்கள்.

கடைசியில் ஆறு படங்கள் தேறின. செயலாளர் டீ சொல்லக் கீழே இறங்கினார். மற்ற இருவரும் பால்கனிக்குப் போனார்கள். விண்ணப்பக் கோப்பு மேசையிலேயே கிடந்தது. நடுவர் அதைத் தொடக் கூடாது. தொட்டேன். அந்தப் படத்தின் எண் எண்பத்தேழு. எடுத்தவர் என்ற இடத்தில் அவன் பெயர், அவன் கையெழுத்து.

அதே பக்கத்தில் ஒன்பதாவது விதி: நடுவர்களின் ரத்த உறவினர் கலந்துகொள்ளக் கூடாது. தங்கை புருஷன் ரத்த உறவில்லையே என்று கணக்குப் போட்டிருப்பான். நான் அப்போதே செயலாளரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். படத்தைச் சத்தமில்லாமல் தூக்கியிருப்பார்கள், அவனும் சத்தமில்லாமல் அடுத்த வருஷம் வேறு எங்காவது அனுப்பியிருப்பான். அது எனக்குப் போதாது.

இந்தக் கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பரிசு வாங்கும் படத்தின் வெட்டாத ஒரிஜினலை வாங்கி, பரிசளிப்பு அன்று பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள். எங்கே வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்று உறுப்பினர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான். இது எந்த விதியிலும் எழுதியில்லை, வருஷா வருஷம் வருகிறவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் பரிசுக்கு இந்த மரியாதை கிடையாது. ஆகவே அவன் இரண்டாவதாக வந்துவிடக் கூடாது.

டீ வந்ததும் விவாதம் ஆரம்பித்தது. பத்திரிகைக்காரர் முப்பத்தொன்றாம் எண்ணைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரை உதறும் ஒரு குருவி, ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அது லென்ஸோட சாமர்த்தியம் சார்," என்றேன். "குருவி குளிச்சிது, இவர் அமுக்கினாரு. இதப் பாருங்க. இன்னும் எத்தனை மாடி இருக்குன்னு நமக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். அதான் கண்ணத் தொறக்க மாட்டேங்கிறான்."

"கீழ என்னமோ கருப்பா குத்துதே," என்றார் டீச்சர். "ஒழுங்கா வெட்டத் தெரியல."

"அது இருக்கறதாலதான் டீச்சர் படம் நிக்குது. மேல அவ்வளவு பெரிய வெள்ளை ஃபிரிட்ஜ். கீழ ஒரு எடை வேணாமா? கட்டை விரலால மறைச்சுப் பாருங்க, எல்லாம் மிதக்கும்."

மறைத்துப் பார்த்தார். "ஆமா, மிதக்கத்தான் செய்யுது," என்றார். நான் சொன்ன பிறகு யாருக்கும் மிதக்கத்தான் செய்யும்.

முக்கால் மணி நேரம் பேசினேன். நல்ல படம் என்றால் பார்த்து முடித்த பிறகும் தோள் வலிக்க வேண்டும் என்றேன். முதல் பரிசுப் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, அதை விட்டு நகர முடியாதபடி இருக்க வேண்டும் என்றேன். என் வாய்க்குள் இவ்வளவு இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். எண்பத்தேழுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டேன். பாவம் குருவிக்கு ஐம்பது. கூட்டிப் பார்த்தால் ஆறு மார்க் வித்தியாசத்தில் காலண்டர் முதலிடம்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிரம்பியிருந்தது. மூன்று நடுவர்களின் மார்க் பட்டியலும் வாசலில் ஒட்டப்பட்டிருந்தது. அவன் புதுச் சட்டையில் வந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "வணக்கம் அண்ணி" என்று மெதுவாகச் சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். மடியில் கனம் என்று நினைத்துக்கொண்டேன். தங்கை நாலாவது வரிசையில் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இருடி, உன் படம் இன்று யாருடையது என்று ஊருக்கே தெரியப்போகிறது என்று நானும் சிரித்தேன்.

அவன் மேடையேறிக் கேடயத்தை வாங்கினான். விளக்கை அணைத்தார்கள். "இப்ப ஒரிஜினலப் பாப்போம்," என்றார் செயலாளர்.

திரையில் முதல் படி வரைக்கும் முழுப் படமும் வந்தது. கொண்டைக்குக் கீழே கழுத்து, தோள், காற்றில் விரிந்த பாவாடை, கேமராவைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கை. படிப்படியாக மடிந்து விழுந்த ஒரு பெண்ணின் நிழல். அதற்குக் கீழே மேடையில், புரொஜக்டர் வெளிச்சத்தில் பளபளக்கும் அவன் வழுக்கை.

முன் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "சார், உங்க நிழலுக்கு மட்டும் கொண்டை முளைச்சிருக்கே!"

அரங்கம் வெடித்தது. சிரிப்பு நிற்கவே இல்லை. செயலாளர் மைக்கில், "படத்த எடுத்தது நீங்கதானா?" என்று கேட்டார். அவன் நாலாவது வரிசையைப் பார்த்தான். பொய்த் தகவலுக்காகப் படம் நீக்கப்படுகிறது, முதல் பரிசு முப்பத்தொன்றாம் எண்ணுக்கு என்று அறிவித்தார்கள். அவன் கேடயத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கினான். மூன்று வருஷமாக என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது.

தங்கை வந்து கட்டிப்பிடிப்பாள் என்று வராந்தாவில் காத்திருந்தேன். வரவில்லை. தேடிப் போனபோது கை கழுவும் இடத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியாடி? கையும் களவுமா மாட்டினான்," என்றேன்.

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "நான்தான்க்கா அவர் பேர்ல போடச் சொன்னேன்."

"என்னது?"

"நீ நடுவர். என் பேர்ல போட முடியுமா? அவர் வேண்டாம்னுதான் சொன்னார். உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்னக் கொன்னே போட்ருவாங்கன்னார். நீ சண்டை போட்டப்புறம் அவர் எதுலயும் பேர் போட்டதே இல்ல. நான் கெஞ்சிக் கேட்டேன், அதான் கையெழுத்துப் போட்டார். ஒரிஜினல் கேட்டாங்க, கொடுத்தோம். திரையில போடுவாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லடி!"

"சொன்னா நீ தங்கச்சிக்கு மார்க் போடுவ. எனக்கு அது வேண்டாம். இத்தன வருஷமா எடுக்கறேன், நல்லா இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியல. யாரோ எடுத்த படம்னு நினைச்சு நீ பாக்கணும், பாத்துட்டு நீ என்ன சொல்றன்னு தெரியணும், அவ்வளவுதான். நீதான் எங்க வீட்டுக்கு வந்தே மூணு வருஷம் ஆச்சே. அந்தப் படி உனக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நினைக்கல."

அந்தப் படத்தைப் பார்த்த முதல் நொடியிலேயே பச்சைச் சுவரும் தெரிந்துவிட்டது. அதை வெறும் படமாக நான் பார்த்தது எப்போது? பத்திரிகைக்காரரிடம் நான் பேசியதெல்லாம் படத்தைப் பற்றியா, அவனை மேடையேற்றுவதைப் பற்றியா? எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கீழே தெருவில் அவன் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டது. கிளப்பிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தான்.

"வாசல்ல மார்க் பாத்தேன்," என்றாள் தங்கை. முகத்தைத் துடைக்காமலே நின்றாள். "தொண்ணூத்தெட்டு போட்டிருக்க. அத பாத்ததும் எனக்கு அழுகையே வந்துருச்சுக்கா. இப்பச் சொல்லு. அது படத்துக்குப் போட்டியா, அவருக்காகப் போட்டியா?"

"படத்துக்குத்தான்டி," என்றேன்.

அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்திருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.