கடல் பார்த்த வளைவுகள்

ஓர்ஸ் ஹில்லில் இருந்த பெண்கள் கல்லூரியின் பழைய மண்டபத்தில் ஷெல் குண்டு விழுந்தது. கடலைப் பார்த்து நின்ற வளைவுகளில் இரண்டுதான் மிஞ்சின. அவற்றையும் இடித்துவிட்டுச் சதுரமாக ஒரு கொங்கிரீட் கட்டிடம் கட்டலாம் என்று பொறியியலாளர் வரைபடத்தை கல்லூரி அதிபர் றீற்றாவிடம் நீட்டினார்.

"சண்டைக் காலத்தில வளைவு என்னத்துக்கு, மிஸ்? நாளைக்கும் ஷெல் விழலாம்."

"விழட்டும். அதுக்காகப் பிள்ளையளைப் பங்கருக்குள்ள வைச்சுப் படிப்பிக்க ஏலாது. வடிவான இடத்தில படிக்க அவையளுக்கும் உரிமை இருக்கு."

"வளைவோட கட்டினா வேலை பிந்தும்."

"பிந்தட்டும். நாங்கள் வெளியில இருக்கிறம்."

அந்த மாரி முழுவதும் கூரையாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழேயே வகுப்புகள் நடந்தன. கடைசியில் பொறியியலாளர் வளைவுகளை வரைந்துகொண்டு வந்தார்.

மண்டபம் திறந்த அன்று, வரவேற்புப் பாட்டுக்கு நடுவே, சீனன்குடாப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்டது. மாணவிகள் றீற்றாவைப் பார்த்தார்கள்.

"பாட்டை நிப்பாட்டாதேங்கோ," என்றார் அவர்.