சில்லர் வைத்த அறை

கண் டாக்டர் வீட்டுப் பவளம் வெளுத்துக்கொண்டே போனது. மூன்றாவது வாரமாக அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பட்டதாரிக்கு முட்டி தேய்ந்துவிட்டது.

பட்டதாரி என்பது மீன்தொட்டிக் கம்பெனியில் அவளுக்கு வைத்த பேர். கடல் உயிரியல் படித்துவிட்டு வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று முதலாளிதான் வைத்தார். அவளுடைய வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. அம்மா தெருமுனையில் இஸ்திரி போடுகிறவள். கரிப்பெட்டிச் சூட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் படித்துத்தான் பட்டம் வந்தது. சூடு என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

தொட்டி முந்நூறு லிட்டர் உப்புத்தண்ணீர். நடுவில் மான்கொம்புப் பவளம். விரல் நீளத் துண்டாக வந்ததை நாலு வருஷம் வளர்த்து, இரண்டு கை அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தார் டாக்டர். ஆபரேஷன் முடித்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் அதன் முன்னால்தான் உட்காருவார். அதன் நுனிகள் இப்போது சுண்ணாம்பு தடவின மாதிரி இருந்தன. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கிற நுண்பாசிதான் அதற்கு நிறமும் சோறும். சூடோ வெளிச்சமோ தாங்க முடியாமல் போனால் பவளம் அந்தப் பாசியை வெளியே துப்பிவிட்டு வெளுத்து நிற்கும். அப்புறம் பட்டினிதான்.

முதலில் விளக்கின் மேல்தான் சந்தேகப்பட்டாள். எண்பது சதவீதத்தில் இருந்த நீல வெளிச்சத்தை ஐம்பதுக்கு இறக்கினாள். வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு வந்து தண்ணீரில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தாள். இருபத்தைந்தரை. எப்போது பார்த்தாலும் இருபத்தைந்தரை. தண்ணீரின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"இன்னொரு கம்ப்ளைன்ட் வந்தா வாஷிங் ஷெட்டுக்குத்தான்" என்று முதலாளி சொல்லியிருந்தார். "காலித் தொட்டி தேய்க்கறதுக்குப் பட்டம் தடங்கல் இல்ல பாரு."

வேறு வழியில்லாமல் போன வாரம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சூட்டைக் குறித்துவைக்கிற சின்னக் கருவி ஒன்றைத் தண்ணீருக்குள் ஒட்டிவிட்டுப் போனாள். இன்றைக்கு அதை எடுத்துப் போனில் மாட்டினாள். கோடு வந்தது.

தினமும் மதியம் ஒரு மணிக்குக் கோடு மேலே ஏற ஆரம்பித்தது. நாலு மணிக்கு இருபத்தெட்டு. அதன்பின் இறங்கி, இருட்டும்போது பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு மேடு. அதுவும் விளக்கு உச்சத்தில் எரிகிற நேரத்தில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோடு தட்டையாகக் கிடந்தது.

தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் இருந்தது. சுவரைத் துளைத்துக் குழாய் இழுத்து, போன வருஷம் அவளே வைத்தது. கோடு ஏறுகிற நேரம் வரட்டும் என்று காத்திருந்துவிட்டுப் போய், கதவைத் தட்டாமல் திறந்தாள்.

மணி ஒன்று பத்து. சில்லரின் பிளக் பிடுங்கித் தரையில் கிடந்தது. பக்கத்தில் பாய் விரித்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையல்கார அக்கா படுத்திருந்தாள்.

"யாரு?"

"நான்தாங்க்கா."

"மீன் டாக்டரா. கண் டாக்டரோன்னு பயந்துட்டேன்." எழுந்து உட்கார்ந்து கொண்டையை முடிந்தாள். "பாத்துட்ட. சரி, போய்ச் சொல்லு."

"எத்தனை நாளா பிடுங்கிப் போடுறீங்க?"

"வெயில் ஏறினதுலேருந்து. மொதல்ல பல்லக் கடிச்சுட்டுப் படுத்தேன். முடியலம்மா. அந்தப் பொட்டி மூஞ்சில அனல் ஊதுது. காலைல அஞ்சு மணிக்கு அடுப்புல நிக்கறேன். நாலு மணிக்குத் திரும்பவும் அடுப்பு. நடுவுல இந்த மூணு மணி நேரம் எனக்குன்னு இருக்கறது. அதுலயும் அடுப்பா?"

"அங்க பவளம் செத்துட்டு இருக்குக்கா."

"கல்லுதானே."

"கல்லு இல்ல. உசுரு."

"அப்போ நான் யாரு, கல்லா?"

பட்டதாரிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். குனிந்து பிளக்கை எடுத்து மாட்டினாள். சில்லர் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. தண்ணீரிலிருந்து பிடுங்கின சூட்டை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும். அறைக்குள் கொட்டியது. தெர்மாமீட்டரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். அங்கே ஒரு சீப்பும் கைக்கண்ணாடியும் இருந்தன. கால் மணி நேரத்தில் முப்பத்தெட்டு காட்டியது.

அந்தச் சீப்பை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். சில்லர் வைத்த அன்றைக்கும் அது அங்கேதான் இருந்தது. சுருட்டின பாய் ஒன்று இதே மூலையில் சாய்ந்திருந்தது. இடம் போதவில்லை என்று அதைத் தூக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தது அவளுடைய கைதான். வைத்துவிட்டு, கம்பெனிப் படிவத்தில் 'அறையில் ஆள் புழக்கம் உண்டா' என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று டிக் போட்டிருந்தாள். யாரும் அவளை அப்படிப் போடச் சொல்லவில்லை. டாக்டர் "பின்னாடி ரூம் காலியாத்தான் கெடக்கு" என்றார், அவளும் எழுதினாள். கரிப்பெட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். படித்தவள்.

"என்னம்மா, அந்தச் சீப்பையே பாக்கற?"

"ஒண்ணுமில்ல."

"போன வருஷம் ஒரு செடி காய்ஞ்சதுக்குத் தோட்டக்காரர அனுப்பிட்டாங்க, தெரியுமில்ல? ஒரு செடி. எனக்கு இந்த வீட்ல பதினோரு வருஷம். இந்த வயசுல வேற அடுப்பு தேடிப் போக எனக்குத் தெம்பு இல்ல."

வாசலில் கார் வந்து நின்றது.

டாக்டர் கெட்டவர் இல்லை. அதுதான் பட்டதாரிக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரே போடாகப் போட்டுவிட்டுப் போய்விடலாம். கை கழுவிக்கொண்டு வந்து, வெளுத்த நுனிகளைப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட தகப்பன் மாதிரி நின்றார்.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

போனை நீட்டினாள். கண் ஸ்கேன் கோடுகளைப் படித்தே பிழைக்கிறவர். பத்து நொடி கூட ஆகவில்லை.

"ஒரு மணிலேருந்து நாலு. தினமும்." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல. ஞாயித்துக்கிழமை யாரு வீட்ல இல்ல?" சமையலறைப் பக்கம் திரும்பினார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோனது.

பட்டதாரிக்கு ஒரு பொய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெஷின் பழுது என்று சொல்லலாம். வேறு மெஷின் வரும், அதே அறையில் உட்காரும், அதே அனலை ஊதும். அவளுடைய வேலை தப்பும். வெயில் இறங்கும்வரை அக்காவும் எப்படியோ தாக்குப்பிடிப்பாள். அதை நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது.

"சில்லர் இருக்கற எடம் தப்பு சார். வச்சது நான்."

"நான் அதக் கேக்கல. ஆஃப் பண்றது யாரு?"

"அந்த ரூம்ல யாரு இருந்தாலும் ஆஃப் பண்ணுவாங்க. வாங்க சார், ஒரு அஞ்சு நிமிஷம்."

அவரை அழைத்துப்போய் உள்ளே நிற்க வைத்துக் கதவைச் சாத்தினாள். தானும் நின்றாள். சில்லர் ஓடியது. விரித்த பாய் அவர் காலடியில் கிடந்தது. அவர் முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு பாயைப் பார்த்தார், அப்புறம் ஜன்னலில் இருந்த சீப்பை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது நிமிஷத்தில் அவர் கை கதவுக்குப் போனது.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு சார்."

"போதும்மா."

"பவளத்துக்கு இருபத்தஞ்சரை. இங்க முப்பத்தெட்டு. அந்தப் படிவத்துல ஆள் இல்லைன்னு நான் எழுதியிருக்கேன். பொய்."

வெளியே வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். சமையல்கார அக்காவை அவர் எதுவும் கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "வேற எங்க வைக்கலாம்?" என்றார்.

"உங்க பெட்ரூம் பால்கனி. காத்தோட்டம் இருக்கு. சத்தம் வரும்."

"சத்தம் வருமா?"

"வரும் சார்."

அவர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். "வைங்க" என்றார். பிறகு போனை எடுத்து முதலாளிக்குப் பேசினார். இந்தப் பெண் படிவத்தில் தப்பாக எழுதியிருக்கிறாள், அவளே ஒப்புக்கொள்கிறாள் என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

அன்றைக்கே விளக்கின் நேரத்தை மாற்றினாள். சாயங்காலம் நாலுக்கு மேல் எரியட்டும். மதியம் தொட்டி இருட்டில் கிடக்கட்டும், சூடும் குறையும். சில்லரை மாற்றுகிறவரை மதியத்தில் அதை நிறுத்தியே வைக்கலாம் என்று டாக்டருக்குக் கேட்கிற மாதிரியே அக்காவிடம் சொன்னாள்.

அடுத்த வியாழன் சில்லர் பால்கனிக்குப் போனது. பட்டதாரிக்கு இந்த வீட்டில் அதுதான் கடைசி வேலை. வெள்ளிக்கிழமையிலிருந்து வாஷிங் ஷெட். பவளம் தேறுமா என்று டாக்டர் கேட்டதற்கு, "வெளுத்தது எல்லாம் திரும்பாது சார். அடிப்பக்கம் நிறம் இருக்கு. மாசக்கணக்காகும்" என்றாள்.

குழாய் போன ஓட்டையை அடைக்கப் பின்னறைக்குப் போனபோது அக்கா படுத்திருந்தாள். சில்லர் இருந்த இடத்தில் நாலு கால் தடம் மட்டும் இருந்தது.

"இந்த எடத்துல ஃப்ரீசர் வைக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டு இருக்காங்க" என்றாள் கண்ணைத் திறக்காமல். "நீ பெருசா நல்லது பண்ணிட்ட மாதிரி நிக்காத."

"நிக்கலக்கா. ஓட்டைய அடைக்க வந்தேன்."

"உன்னை எங்கயோ தொட்டி கழுவப் போட்டுட்டாங்களாமே."

"ஆமா."

"படிச்சும் பொழைக்கத் தெரியல." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "அடுத்து வர்றவனுக்கு நான் இங்க படுக்கறது தெரியுமா?"

பட்டதாரி ஓட்டையை அடைத்து முடித்து, பையிலிருந்து புதுப் படிவத்தை எடுத்துச் சுவரில் வைத்து எழுதினாள். 'அறையில் ஆள் புழக்கம் உண்டா' என்பதற்கு நேராக 'ஆம்'. குறிப்பு என்று கீழே விட்டிருந்த வரியில்: தினமும் மதியம் ஒன்று முதல் நாலு வரை ஒருவர் தூங்குகிறார். இங்கே எந்த மெஷினும் வைக்கக் கூடாது. நகலைக் கிழித்துக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

"என்ன எழுதியிருக்க?"

"நீங்க தூங்கறீங்கன்னு."

"எங்க தூங்க விடற. கதவச் சாத்திட்டுப் போம்மா, வெளிச்சம் கண்ணுல அடிக்குது."