உள்பட்டை

வாய்க்கரிசிக்குத் தட்டு தேடிக்கொண்டிருந்தார்கள். செல்வராணி பட்டறைக்குப் போய், பிளந்து கிடந்த பாதி மரக்கிண்ணத்தை எடுத்துவந்து அதில் பச்சரிசியைக் கொட்டினாள். சாய்த்துப் பிடித்தால் அரிசி நின்றது.

அவள் கணவர் வேதாச்சலம் கடைசியாகக் கடைந்த கிண்ணம் அது. முந்தாநாள் கடைசல் எந்திரத்தில் சுற்றும்போதே இரண்டாகத் தெறித்து அவர் நெற்றியில் அடித்தது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து, தலையில் கட்டோடு அவரைக் கல்கத்தா கிடர்பூர் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

வாசலில் அவர் தம்பி மாணிக்கம் தெருவுக்கே கேட்கும்படி அழுதுகொண்டிருந்தான். கட்டைகளைக் கொண்டுவந்து போடுவதும், கடைந்த கிண்ணங்களைக் கரியாஹாட் கடையில் விற்பதும் அவன்தான்.

"கவட்டைக் கட்டைண்ணே, உள்ள விரிசல் இருக்கும், பாத்துப் போடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? எல்லாத்துலயும் அவசரம்!"

"ஆஹாரே" என்று பரிதாபப்பட்டாள் பக்கத்து வீட்டு வங்காளிக் காக்கிமா.

செல்வராணி உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவசரமா? அந்த மனுஷனுக்கா? கிளை பிரியும் இடத்துக் கட்டை என்றால் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், பெற்ற பிள்ளையைப்போல மடியில் வைத்திருப்பார். அங்கேதான் ரேகை மயில்தோகையாய் விரியும். அங்கேதான் பட்டையும் உள்ளே மாட்டிக்கொண்டு, மரம் ஒட்டாமலே கிடக்கும். உள்பட்டை இருந்தால் கட்டை அடுப்புக்குத்தான். அவள் காதுபடவே மாணிக்கத்திடம் கேட்டாரே!

"உள்பட்டை கிடையாதுல்லடா?"

"அம்மா மேல சத்தியமா கிடையாதுண்ணே. ஆர்டர் குடுத்த நியூ டவுன்காரர் ரெண்டு நாளா போன் பண்ணிக்கிட்டே இருக்காரு."

நேற்று பட்டறையைக் கூட்டும்போதுதான் பிளந்த பக்கத்தைப் பார்த்தாள். கவட்டையில் கறுப்பாய்ப் பட்டை. அதன் வாயை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தது. வேதாச்சலத்தின் பட்டறைக்குள் பசை நுழைந்ததே இல்லை. பாவி, சத்தியம் வேறு செய்தான்.

"பங்காளி மொதல்ல வாங்க" என்றார் சடங்கு செய்யவந்த பெரியவர்.

மாணிக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். செல்வராணி கிண்ணத்தின் பிளந்த பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். அழுகை நின்றுவிட்டது.

"இது என்ன பசை தம்பி?"

"அண்ணி... எனக்கெப்படி..."

"அவரு பசையத் தொட மாட்டாருன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சொல்லிட்டு அரிசியப் போடுங்க. இல்லாட்டி உங்க கை அவரு மேல படக் கூடாது."

பெரியவர் ஒதுங்கி வழிவிட்டார். மாணிக்கம் அண்ணன் காதருகே குனிந்து என்னவோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் செல்வராணி. "வாசல்ல நின்னு அழுத சத்தத்துல சொல்லுங்க."

"நான்தாண்ணே அடைச்சேன்." உரக்கச் சொன்னான். "உள்பட்டை இருந்துச்சு. நான்தான் மறைச்சேன்."

வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரும் அவனைத் தேற்றப் போகவில்லை.

"இப்பப் போடுங்க" என்றாள். "பாத்துப் போடுங்க தம்பி. அவசரமில்ல."

அவன் கை கிண்ணத்தில் இடித்தது. பிளந்த பக்கம் வழியாக அரிசி தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. செல்வராணி கையை அடியில் வைக்கவில்லை.